பட்டனில் ஒரு கிளிக்கா, இரண்டு கிளிக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் மாலை நேரத்தில் புரோகிராமிங் வகுப்பு எடுக்கிறேன். பொகவந்தலாவ, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் வகுப்பு முடிந்தபின் யாரும் நிற்பதில்லை. சந்தேகமெல்லாம் இரவில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வரும். அதில் பட்டனையும் டபுள் கிளிக்கையும் பற்றிய கேள்விகள் வருசா வருசம் அப்படியே திரும்பி வருகின்றன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குப் பேசி அனுப்பிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் சி ஷார்ப் மொழியும், அதில் பட்டன், பெட்டி வைத்துத் திரை கட்ட உதவும் விண்டோஸ் ஃபோர்ம்ஸும்தான் பேச்சு. ஜாவா, பைதன் ஆட்களுக்குக் கடைசிப் பக்கம் இடம் இருக்கிறது. கோடில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டைப் பண்ணும்போது சொற்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சேர், பட்டன ரெண்டு தடவ தட்டுனா அது டபுள் கிளிக்கா, இல்ல ரெண்டு சிங்கிள் கிளிக்கா?

இரண்டு தட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது, மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. மவுஸுக்கு டபுள் கிளிக் என்றால் என்னவென்றே தெரியாது. "அழுத்தினான், விட்டான், அழுத்தினான், விட்டான்" என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த இரண்டையும் சோடி சேர்ப்பது விண்டோஸ்.

விண்டோஸில் யாரும் மாற்றாத நிலையில் அந்த நேரம் 500 மில்லிசெக்கன், அதாவது அரைச் செக்கன். இரண்டாவது அழுத்தல் அதற்குள் வர வேண்டும். முதல் கிளிக் விழுந்த இடத்தைச் சுற்றி 4 பிக்சல் அகலமும் 4 பிக்சல் உயரமும் உள்ள ஒரு குட்டிக் கட்டத்துக்குள்ளும் விழ வேண்டும். மவுஸ் கொஞ்சம் வழுக்கினாலே சோடி பிரிந்துவிடும். முதன்முதலாக மவுஸ் பிடிக்கிறவர்கள் "டபுள் கிளிக் பண்றேன், திறக்குதே இல்ல" என்பது அநேகமாக இதனால்தான். விரல் வேகமாகத்தான் இருக்கும், கை ஓரிடத்தில் நிற்பதில்லை.

டிசைனர்ல பட்டன டபுள் கிளிக் பண்ணித்தானே கோட் எழுதுறோம், அப்ப அது டபுள் கிளிக் ஈவன்ட் தானே?

இல்லை. ஈவன்ட் என்பது புரோகிராம் ஓடும்போது நடக்கும் ஒரு நிகழ்வு, மெத்தட் என்பது அப்போது ஓட வேண்டிய கோட். டிசைனரில் நீங்கள் டபுள் கிளிக் பண்ணுவது கோட் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவை. "இந்தப் பட்டனுக்கு வழக்கமான ஈவன்ட் எதுவோ அதற்கு ஒரு மெத்தட் எழுதித் தா" என்று கேட்கிறீர்கள். பட்டனுக்கு வழக்கமானது கிளிக். அதனால் "பட்டன்1 அண்டர்ஸ்கோர் கிளிக்" என்று ஒன்று முளைக்கிறது. புரோகிராம் ஓடும்போது அந்த மெத்தட்டை வேலை செய்யவைக்க ஒரு தட்டு போதும்.

லேபலுக்கு டபுள்கிளிக் ஈவன்ட் இருக்கு, பட்டனுக்கு மட்டும் லிஸ்ட்ல காணோமே, என்னோட இன்ஸ்டோலேஷன்ல கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். ஃபோர்மில் வைக்கும் பட்டன், லேபல் போன்ற எல்லாக் கொன்ட்ரோலுக்கும் தாயான கொன்ட்ரோல் என்ற வகுப்பில் (கோடில் எழுதும் கிளாஸ்) டபுள்கிளிக் ஈவன்ட் உண்டு. பட்டன் அதைப் பரம்பரையாகப் பெற்றாலும் உள்ளே "ஸ்டாண்டர்ட் டபுள் கிளிக்" என்ற ஸ்டைலை அணைத்து வைத்திருக்கிறது. அதனால் நீங்கள் பிடிவாதமாகக் கோடில் அந்த ஈவன்டை இணைத்தாலும் பிழை எதுவும் காட்டாது, ஓடவும் ஓடாது. மூன்று பிள்ளைகள் இதில் ஆளுக்கு ஓர் இரவு தொலைத்திருக்கிறார்கள்.

சாதாரணப் பட்டனை டபுள் கிளிக் பண்ணினால் கிளிக் ஈவன்ட் இரண்டு தடவை ஓடும். செக் பொக்ஸும் ரேடியோ பட்டனும் இதே கணக்கு. பழைய விஷுவல் பேசிக் 6இன் கொமான்ட் பட்டனுக்கும் டபுள் கிளிக் கிடையாது. ஆனால் மைக்ரோசொஃப்ட் அக்ஸஸ் ஃபோர்மில் உள்ள பட்டனுக்கு உண்டு. அக்ஸஸில் பழகி வந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ஏன் சேர் அணைச்சு வைக்கணும்? இருந்துட்டுப் போகட்டுமே?

டெஸ்க்டொப்பில் ஒரு ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செய்யக்கூடியவை இரண்டு: தெரிவு செய்வது, திறப்பது. முதல் தட்டு தெரிவு, இரண்டாம் தட்டு திறப்பு. பட்டனில் தெரிவு செய்ய என்ன இருக்கிறது? அது கோலிங் பெல் மாதிரி. அழுத்தினால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு, பட்டனில் இரண்டாவது தட்டுக்கு வேறு வேலை ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? எழுதியா ஒட்டியிருக்கிறது?

வேறு வேலை இருந்தால் வேறு பட்டன் வையுங்கள். ஃபோர்மில் இடமில்லை என்று சொல்வார்கள். நான் பார்த்த ஃபோர்ம்களில் பாதி இடம் கம்பனி லோகோவுக்கே போயிருக்கும்.

வேர்ட்ல ஃபோர்மெட் பெய்ண்டர் பட்டன டபுள் கிளிக் பண்ணலாமே, அது மட்டும் எப்படி?

நல்ல பிடி. அந்தத் தூரிகைப் பட்டனை ஒரு தடவை தட்டினால் ஓர் இடத்துக்கு மட்டும் ஃபோர்மெட்டைப் பூசிவிட்டு அணைந்துவிடும். இரண்டு தடவை தட்டினால் எஸ்கேப் கீயை அழுத்தும்வரை பூசிக்கொண்டே இருக்கலாம்.

கவனியுங்கள், இரண்டாவது தட்டு முதலாவதற்கு எதிராகப் போகவில்லை. முதல் தட்டிலேயே தூரிகை கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது தட்டு "கீழே வைக்காதே" என்கிறது. அதனால் முதல் தட்டுக்கான வேலையை உடனே தொடங்கலாம், டபுள் கிளிக்தானா என்று காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் திட்டமும் இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். முதல் தட்டு "சேமி", இரண்டு தட்டு "அழி" என்று எதிரும் புதிருமாக வைத்தால் கீழே உள்ள தலைவலியெல்லாம் உங்களுக்குத்தான்.

சரி, எனக்குக் கட்டாயம் வேணும். பட்டன்ல டபுள் கிளிக்க எப்படி வரவைக்கிறது?

பட்டனைத் தாயாக வைத்துச் சொந்தமாக ஒரு வகுப்பு எழுதுங்கள். பட்டன் உருவாகும்போதே ஓடும் அதன் கொன்ஸ்ட்ரக்டரில் ஒரே ஒரு வரி: செட் ஸ்டைல் மெத்தட்டை அழைத்து, கொன்ட்ரோல் ஸ்டைல்ஸில் உள்ள ஸ்டாண்டர்ட் கிளிக், ஸ்டாண்டர்ட் டபுள் கிளிக் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். செட் ஸ்டைல் வெளியிலிருந்து அழைக்க முடியாத மெத்தட் என்பதால்தான் சொந்த வகுப்பு தேவைப்படுகிறது. பிறகு புரோஜெக்டை ஒரு தடவை பில்ட் பண்ணினால் டூல் பொக்ஸில் உங்கள் பட்டன் வந்து நிற்கும். டபுள்கிளிக் ஈவன்டை மட்டும் கோடில்தான் இணைக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசொஃப்டின் இன்னொரு திரை கட்டும் முறையான டபிள்யூ.பி.எஃப். ஆட்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம். அங்கே பட்டனுக்கு மவுஸ் டபுள் கிளிக் என்ற ஈவன்ட் ஏற்கெனவே உண்டு. ஆனால் அங்கும் கிளிக் ஈவன்ட் சேர்ந்தே ஓடும், அது அடுத்த கேள்வி.

டபுள் கிளிக் வேலை செய்யுது, ஆனா சிங்கிள் கிளிக் கோடும் சேர்ந்து ஓடுதே சேர்!

ஓடத்தான் செய்யும். இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் டபுள் கிளிக் பண்ணும்போது விண்டோஸ் உங்கள் புரோகிராமுக்கு நாலு செய்தி அனுப்புகிறது: இடது பட்டன் அழுத்தப்பட்டது, விடப்பட்டது, டபுள் கிளிக், மறுபடி விடப்பட்டது. அதாவது "டபுள் கிளிக்" என்ற செய்தி இரண்டாவது அழுத்தலின் இடத்தில் வருகிறது. முதல் அழுத்தல் அதற்கு முன்பே சாதாரண அழுத்தலாக வந்து, கிளிக் ஈவன்டாக ஓடி முடிந்துவிட்டது.

பஸ் மணியை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் போ. முதல் மணி கேட்ட கணத்தில் டிரைவருக்கு அது ஒற்றை மணியா, இரட்டை மணியின் முதல் பாதியா என்று தெரியாது. அடுத்தது வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தே ஆக வேண்டும். கொம்பியூட்டருக்கும் அதே நிலைமைதான், எதிர்காலம் அதற்கும் தெரியாது. ஆகவே வழி இரண்டு: ஃபோர்மெட் பெய்ண்டர் மாதிரி முதல் வேலை ஓடினாலும் பாதகமில்லாமல் அமைப்பது, அல்லது காத்திருப்பது.

காத்திருக்கிறதுக்கு என்ன கோட்?

ஒரு டைமர். ஃபோர்மில் டைமர் ஒன்றை வைத்து, அதன் இன்டர்வலுக்கு சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வகுப்பில் உள்ள டபுள் கிளிக் டைம் மதிப்பைக் கொடுங்கள். கிளிக் ஈவன்டில் வேலையைச் செய்யாமல் டைமரை மட்டும் தொடக்குங்கள். டபுள்கிளிக் ஈவன்டில் டைமரை நிறுத்திவிட்டு இரட்டைத் தட்டுக்கான வேலையைச் செய்யுங்கள். யாரும் நிறுத்தாமல் டைமர் தன் நேரத்தை எட்டினால், அதன் டிக் ஈவன்டில் முதலில் டைமரை நிறுத்திவிட்டு ஒற்றைத் தட்டுக்கான வேலையைச் செய்யுங்கள். டிக்கில் நிறுத்த மறந்தால் அரைச் செக்கனுக்கு ஒரு தடவை அந்த வேலை ஓடிக்கொண்டே இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையின் மெசேஜ் பொக்ஸ் மேலே மேலே குவிந்து டாஸ்க் மனேஜரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

புரோகிராமைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கும் த்ரெட் ஸ்லீப் போட்டுக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. தூங்குகிற புரோகிராம் இரண்டாவது தட்டையும் கேட்காது.

இதற்கு ஒரு விலை உண்டு: ஒற்றைத் தட்டு எப்போதுமே அரைச் செக்கன் பிந்தித்தான் வேலை செய்யும். சின்ன நேரம் போலத்தான் இருக்கும். நாள் முழுக்க அந்தப் பட்டனை அழுத்துகிறவருக்குப் புரோகிராம் இழுப்பதாகவே படும். இழுக்கிறது என்று நினைத்தவர் என்ன செய்வார்? இன்னொரு தடவை தட்டுவார். அது டபுள் கிளிக் ஆகிவிடும்!

அரைச் செக்கன் கூட. நானே 250ன்னு போட்டுட்டா?

உங்கள் லெப்டொப்பில் சரியாக ஓடும். பாவிக்கிறவர் கொன்ட்ரோல் பெனலில் மவுஸின் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தால் சிக்கல். அந்த அளவை 200 முதல் 900 மில்லிசெக்கன் வரை மாற்றலாம். அவர் 900 வைத்திருக்கிறார் என்றால், உங்கள் டைமர் 250இல் முடிந்து ஒற்றைத் தட்டு வேலை ஓடிவிடும். அதன் பிறகு அவருடைய இரண்டாவது தட்டு வந்து இரட்டை வேலையும் ஓடும். இரண்டும் கெட்டான். வேகத்தைக் குறைத்து வைத்திருப்பவர்கள் அநேகமாகக் கை நடுங்குகிறவர்கள், வயதானவர்கள். நம் அவசரத்துக்கு அவர்களை ஏன் மாட்ட வேண்டும்?

எங்கப்பா எல்லாப் பட்டனையும் டபுள் கிளிக்தான் பண்றாரு, சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. என்ன செய்ய?

அப்பாவைத் திருத்த வேண்டாம், புரோகிராமைத் திருத்துங்கள். அவர் முதலில் கற்றது ஒரு ஐகனை டபுள் கிளிக் பண்ணித் திறப்பதாக இருக்கும். வேலை செய்த ஒன்றை அவர் ஏன் கைவிட வேண்டும்? நம் தொழிலில் டபுள் கிளிக்கைப் பிடிப்பதைவிட, வேண்டாத இரண்டாவது கிளிக்கைத் தடுப்பதுதான் நூறு மடங்கு தேவைப்படுகிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கிப் பெக்டரிக்கு அனுப்பும் ஒருவருக்கு நிறுவைக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெயரைத் தெரிவு செய்து, கிலோவை அடித்து, "பதி" என்ற பட்டனைத் தட்டினால் கணக்கில் ஏறி ரசீதும் வரும். பதிகிறவர் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் கோல் எடுத்தார். "தம்பி, லொறியில ஏத்துனது 640 கிலோ. ஒங்க மெசின் 711ங்குது. எந்தக் கொழுந்து கூடப் பறிச்சது?"

போய்ப் பார்த்தேன். பட்டியலில் 23, 23 என்று ஒரே பெயரில் இரண்டு வரி. கொஞ்சம் தள்ளி 17, 17. அப்புறம் 31, 31. மூன்றையும் கூட்டினால் கூடுதலான 71 கிலோ அப்படியே வந்தது. ரசீது பிரின்டர் மூன்று தடவை முரண்டு பிடித்திருக்கிறது. அந்த மூன்று தடவையும் மனுசன் "படலையோ" என்று இன்னொரு தட்டுத் தட்டியிருக்கிறார். நான்தான் கிலோப் பெட்டியைக் காலியாக்காமல் விட்டிருந்தேன். கொழுந்து மடுவத்தில் கைநாட்டுக் காலத்திலிருந்து தராசுக் கணக்குப் பார்த்த ஆளிடம் அன்றைக்கு எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

முதல் தட்டுலயே பட்டன டிஸேபிள் பண்ணிட்டா முடிஞ்சுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கிளிக் மெத்தட்டின் முதல் வரியில் எனேபிள்ட் ஃபோல்ஸ், கடைசி வரியில் எனேபிள்ட் ட்ரூ. அன்றிரவே மாற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாளும் ஒரு வரி இரட்டையாக விழுந்தது.

விசயம் இதுதான். பிரின்டருக்காகப் புரோகிராம் காத்து நிற்கும்போது வருகிற கிளிக்குகள் தொலைவதில்லை, வரிசையில் நிற்கின்றன. மெத்தட் முடிந்த பிறகுதான் புரோகிராம் அந்த வரிசையைப் பார்க்கிறது. அதற்குள் கடைசி வரி ஓடிப் பட்டன் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. வரிசையில் நின்ற கிளிக் உயிருள்ள பட்டனைப் பார்த்து உள்ளே நுழைகிறது. அலுவலகம் பூட்டியிருந்தபோது வந்தவர் வாசலில் உட்கார்ந்திருந்து, திறந்ததும் உள்ளே வருவது மாதிரி.

நேரம் எடுக்கும் வேலையை அஸிங்க் மெத்தட்டாக்கி அவெய்ட் போட்டால், அதாவது புரோகிராமை முடக்காமல் காத்திருக்க வைத்தால், காத்திருக்கும் நேரத்திலேயே அந்தக் கிளிக்குகள் வந்து, பூட்டிய பட்டனில் மோதி விழுந்துவிடும். மறுபடி திறக்கும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் பிரின்டரில் ஒரு பிழை வந்தால் பட்டன் நாள் முழுக்கச் செத்துக் கிடக்கும். இதற்கு மாற்றாக டூ ஈவன்ட்ஸ் போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அது வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வேறு பட்டன்களையும் ஓடவிடும். ஒரு ஓட்டையை அடைக்க நாலு ஓட்டை போடும் வேலை.

அதுக்கு மேலயும் பயமா இருக்கு. காசு விசயம். வேற பாதுகாப்பு இருக்கா?

இருக்கிறது, டேட்டாபேஸில். ஒருவருடைய பெயரைத் தெரிவு செய்தவுடனேயே அந்த நிறுவைக்கு ஒரு ரசீது இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். பட்டன் அழுத்தும்போது கொடுக்க வேண்டாம், அதுதான் முக்கியம். டேபிளில் அந்த இலக்கத்துக்கு யுனீக் என்று கட்டுப்பாடு போடுங்கள். பத்துத் தடவை தட்டினாலும் ஒரே இலக்கம்தான் போகும், இரண்டாவது வரியை டேட்டாபேஸே ஏற்காது.

"ஒரே பெயர், ஒரே கிலோ, ஒரே நாள் என்றால் தடு" என்று எழுதாதீர்கள். ஒருவர் காலையில் 17 கிலோவும் பகலில் 17 கிலோவும் கொண்டுவரலாம். அதைத் தடுத்தால் அவருடைய கூலியில் கை வைத்த மாதிரி.

நான் ஒரே ஒரு தடவதான் தட்டுறேன், சத்தியமா! ஆனா ரெண்டு தடவ ஓடுது.

நம்புகிறேன். முதலில் கோடைப் பாருங்கள். டிசைனரில் ஒரு தடவை இணைத்த மெத்தட்டைக் கோடில் "பிளஸ் ஈக்குவல்" போட்டு மறுபடி இணைத்திருப்பீர்கள். விஷுவல் பேசிக் என்றால் ஹேண்டில்ஸ் ஒரு பக்கம், ஆட்ஹேண்ட்லர் இன்னொரு பக்கம். இணைக்கும் வரி ஃபோர்ம் ஒவ்வொரு தடவை காட்டப்படும்போதும் ஓடுகிற இடத்தில் இருந்தால் இன்னும் வேடிக்கை: முதல் தடவை ஒன்று, அடுத்த தடவை இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று ஏறிக்கொண்டே போகும்.

கோட் சுத்தம் என்றால் மவுஸைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்தால், ஒரு தடவை அழுத்தும்போது துள்ளி இரண்டு தடவை தொடும். கண்டுபிடிப்பது சுலபம். மவுஸ் டவுன் ஈவன்டில் ஸ்டொப்வொட்ச் வைத்து, முந்தைய அழுத்தலுக்கும் இதற்கும் இடையிலான மில்லிசெக்கனை லேபலில் எழுதுங்கள். மெதுவாக ஒவ்வொன்றாக அழுத்தும்போதும் இடையில் 20, 30 என்று எண் வந்தால் அது விரல் வேலை இல்லை, எந்த விரலும் அவ்வளவு வேகமாக இரண்டு தடவை போகாது. வேறு மவுஸ் போடுங்கள். வகுப்பில் ஒரு மவுஸ் இப்படி இரண்டு மாதம் பிள்ளைகளின் கோடைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது.

மவுஸ தொடவே இல்ல, என்டர் கீதான். அப்பவும் ரெண்டு பதிவு.

விண்டோஸ் ஃபோர்ம்ஸில் ஃபோகஸ், அதாவது கீபோர்டின் கவனம், பட்டனில் இருக்கும்போது என்டரை அழுத்திப் பிடித்தால் கீபோர்ட் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும், கிளிக்கும் திரும்பத் திரும்ப ஓடும். ஸ்பேஸ் கீ அப்படியில்லை, கையை எடுக்கும்போது ஒரு தடவை மட்டும். கடைகளில் பாவிக்கும் பார்கோட் ரீடர்களில் பலவும் எண்ணுக்குப் பின்னால் ஒரு என்டரைச் சேர்த்து அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும், அதையும் மறக்க வேண்டாம். மருந்து மேலே சொன்னதுதான்: அவெய்ட்டும் யுனீக்கும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. கிளிக்குக்குக் கீபோர்டில் வழி இருக்கிறது, டபுள் கிளிக்குக்கு இல்லை. மவுஸ் இல்லாத நாளில் அந்த வசதி இல்லாத வசதிதான்.

ஜாவா ஸ்விங்ல எப்படி?

ஸ்விங் என்பது ஜாவாவில் திரை கட்டும் தொகுப்பு. அதன் பட்டனான ஜே பட்டனுக்கு அக்‌ஷன் லிஸனர் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை ஓடும். எண்ண வேண்டும் என்றால் மவுஸ் லிஸனரில் கெட் கிளிக் கவுன்ட்டைக் கேளுங்கள். முதல் தட்டில் 1, இரண்டாவதில் 2. 1 எப்போதும் 2க்கு முன்னால் வந்தே தீரும், ஆகவே பஸ் மணிக் கதை இங்கும் அப்படியே. காத்திருக்க ஸ்விங் டைமர் இருக்கிறது.

வேண்டாத இரண்டாவது கிளிக்கைத் தடுக்க ஜாவாவிலேயே ஒரு மெத்தட் உண்டு: செட் மல்டி கிளிக் த்ரெஷோல்ட். கொடுத்த மில்லிசெக்கனுக்குள் வரும் அடுத்த தட்டை அது கண்டுகொள்ளாது. பெயரில் த்ரெஷோல்ட் என்ற சொல்லை எழுத்துப்பிழையோடு, நடுவில் ஓர் எச் கூட வைத்து எழுதிவிட்டார்கள். நீங்கள் சரியாக எழுதினால் கொம்பைல் ஆகாது.

ஏ.எல். புரோஜெக்ட்டுக்கு பைதன் டிகின்டர். கொமான்டும் போட்டு, டபுளும் பைண்ட் பண்ணினா மூணு தடவ ஓடுதே?

கணக்குச் சரிதான். பைதனில் திரை கட்டும் தொகுப்பான டிகின்டரில் கொமான்ட், மவுஸை விடும்போது ஓடுவது. இரண்டு தட்டுக்கு இரண்டு தடவை. நீங்கள் பைண்ட் பண்ணிய "டபுள் 1" அதற்கு மேல் ஒரு தடவை. பிரிக்க வேண்டும் என்றால் கொமான்டைக் காலியாக விட்டு, "பட்டன் 1", "டபுள் பட்டன் 1" இரண்டையும் பைண்ட் பண்ணுங்கள். ஒற்றைக்கான வேலையை ஆஃப்டர் மூலம் 500 மில்லிசெக்கன் தள்ளிப் போட்டு, அது திருப்பித் தரும் அடையாளத்தை வைத்துக்கொண்டு, டபுள் வந்தால் ஆஃப்டர் கான்சல் பண்ணுங்கள். கொமான்டைக் கைவிட்டால் கீபோர்டும் கைவிட்டுப்போகும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

லினக்ஸ்லயும் அதே 500 தானா?

இல்லை. லினக்ஸில் திரை கட்டப் பாவிக்கும் க்யூட்டியிலும் ஜி.டி.கே. 3இலும் வழக்கமான அளவு 400. கேட்க வழி இருக்கும் இடத்தில் எண்ணை நீங்களாகப் போடாமல் சிஸ்டத்திடம் கேளுங்கள்.

மூணு கிளிக் பிடிக்கலாமா?

விண்டோஸில் அப்படி ஒரு செய்தியே இல்லை. மூன்றாவது தட்டு புதிய ஒற்றைத் தட்டாக வரும். வேர்டில் மூன்று தட்டுக்கு முழுப் பந்தியும் தெரிவாவது வேர்ட் தானே எண்ணிக்கொள்வதால். பட்டனுக்கு இதைக் கேட்டவரிடம் எதற்கு என்று கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

சேர், நீங்க என்ன சொன்னாலும் புரோஜெக்ட்ல டபுள் கிளிக் ஒன்னு இருக்கணும்னு எங்க இன்ஸ்ட்ரக்டர் சொல்லிட்டாரு. எங்க வைக்க?

பட்டியலில் வையுங்கள், அதுதான் அதன் வீடு. பட்டியலை வரி வரியாகக் காட்டும் டேட்டா கிரிட் வியூவில் ஒரு வரியை ஒரு தடவை தட்டினால் தெரிவாகட்டும், டபுள் கிளிக் பண்ணினால் அந்த ஆளின் முழு விபரமும் திறக்கட்டும். செல் டபுள் கிளிக் என்ற ஈவன்ட் தயாராக இருக்கிறது. பக்கத்தில் "திற" என்று ஒரு பட்டனும் வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே மெத்தட்டை அழையுங்கள்.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. தலைப்பு வரியை டபுள் கிளிக் பண்ணினாலும் அதே ஈவன்ட் ஓடும். அப்போது ரோ இன்டெக்ஸ் மைனஸ் 1 என்று வரும், அதை அப்படியே வரி இலக்கமாகப் பாவித்தால் புரோகிராம் விழுந்துவிடும். மெத்தட்டின் முதல் வரியிலேயே பூச்சியத்தைவிடக் குறைவென்றால் ரிட்டர்ன் என்று எழுதிவிடுங்கள். புரோஜெக்ட் பார்க்க வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தத் தலைப்பைத்தான்.